உன் படகை இறக்கிவிட்டோம், அண்ணே

என் அருமை அண்ணே,

நீ போய் ஒரு வருஷம் முடிந்து, தலைத் திவசமும் ஆயிற்று. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அழுகை எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது எனக்கு இருப்பதெல்லாம் கோபம்தான். சித்தப்பா மேல் கோபம், தெருக்காரர்கள் மேல் கோபம், முகம் தெரியாத சினிமாக்காரர்கள் மேல் கோபம். எல்லாவற்றையும் கூட்டினாலும் உன் மேல் இருக்கும் கோபத்துக்குக் கிட்டே வராது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் சத்தம் போட ஆரம்பித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நழுவுவது உன் வழக்கம். இந்தத் தடவை அது நடக்காது. உட்கார்ந்து கேள்.

உனக்குத் தெரியும், நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, கண்டவனிடமும் குழைந்து பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். டிரங்க் கால் கிடைக்கவில்லை என்று திருச்சிக்காரர் திட்டுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், மதுரைக்காரர் திட்டுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது பொறுமை என்று ஒரு பொட்டு மிச்சம் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்து உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, உன் படகைக் கொடுத்துவிட்டேன் என்றார். கேட்கவில்லை, அண்ணே. சொன்னார். கோடம்பாக்கத்தில் ஒரு கம்பெனிக்கு அவர் கடையிலிருந்துதான் திரைச்சீலைத் துணியெல்லாம் போகிறதாம். அவர்களுக்குக் கடைசிக் காட்சிக்கு ஒரு படகு வேண்டுமாம். வில்லன் தப்பித்துப் போகிறபோது தீப்பிடிக்க வேண்டுமாம். நம் வீட்டில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை காலையில் வேன் வந்து டிரெய்லரோடு கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடும், எங்களுக்கு ஒரு சிரமமும் கிடையாதாம்.

துறைமுகத்து ஏலத்தில் நீ அந்தப் படகை எடுத்த அன்று எப்படிச் சிரித்துக்கொண்டு வந்தாய். புதுப்பேட்டையில் அலைந்து பழைய ஜீப்பின் அச்சைப் பிடித்து, டிரெய்லர் கட்டி, அதை ஞாயிற்றுக்கிழமை தோறும் மந்தைவெளியிலிருந்து அடையாற்றங்கரை வரைக்கும் கையாலேயே தள்ளிக்கொண்டு போனோமே. நீ முன்னால் பிடித்துக்கொள்வாய், நான் பின்னால் தள்ளுவேன். பார்க்கிறவன் எல்லாம் ஐஸ் வண்டியா என்று கேட்டான். கரைக்குப் போனதும் நீ துடுப்பு, நான் எதிரில் உட்கார்ந்து வழி சொல்லுவேன். அந்தப் படகைத்தான் தீ வைத்துக் கொளுத்தப் போகிறார்களாம்.

சித்தப்பாவுக்கு ஒரு நியாயம் தயாராக இருந்தது. போனவனுடைய சாமான் கண்ணெதிரில் நின்றால் அந்தப் பெண் எப்படித் தேறுவாள் என்று கேட்டார். அந்தப் பெண் என்றது உன் கோமதியை. மதினி அப்போது அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது.

“எரிக்கதுக்கா கேக்காவ?” என்றாள்.

அவ்வளவுதான். திரும்பவும் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். ஆனால் களைந்த தண்ணீரோடு பாதி அரிசியும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் தீர்மானம் செய்துவிட்டேன். உயிரே போனாலும் அந்தப் படகு கோடம்பாக்கம் போகாது.

எப்படித் தடுப்பது? சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டால் ஊரே திரண்டாலும் பின்வாங்க மாட்டார், அது நம் குடும்ப வியாதி. ராத்திரி படுத்து யோசித்தேன். டிரெய்லரில் இருக்கிற வரைக்கும்தானே எவனும் கொக்கி மாட்டி இழுப்பான்? கீழே இறக்கிக் கவிழ்த்துப் போட்டுப் பழைய பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டால்? பாதி சுரண்டிய படகை எந்தக் கம்பெனிக்காரன் தூக்கிக்கொண்டு போவான்? அதுவும் இல்லாமல் அதன் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்து எத்தனை காலம் ஆகிறது. பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம் என்று நீயே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த வேலைதானே.

இறக்குவதற்கு ஆள் வேண்டும். துறைமுகத்தில் உன் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றார்கள். வேன் வெள்ளிக்கிழமை. அப்போதுதான் மாசிலாமணி ஞாபகம் வந்தார். மயிலாப்பூரில் உற்சவத்துக்குச் சாமி தூக்குகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் தன் ஆட்களோடு வந்து நின்றார். தண்டுகள், கயிறு, தோளில் போடச் சும்மாட்டுத் துணி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் அவர்களுக்குத் தெளிவாகத்தான் சொன்னேன். இடுப்பு உயரம் தூக்கினால் போதும், நான் டிரெய்லரை உருவிவிடுகிறேன், பிறகு பக்கத்தில் போட்டிருக்கிற இரண்டு பெஞ்சின் மேல் கவிழ்த்து வையுங்கள் என்றேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டுத் தண்டுகளை அடியில் செருகினார்கள். நடுவில் ஏதோ மெத்தென்று தடுக்கிறது என்றார் ஒருவர். அண்ணன் ஏதாவது சாக்கு வைத்திருப்பான், ஓரமாகச் செருகுங்கள் என்றேன். குறுக்குக் கழி கட்டினார்கள். மாசிலாமணி ஒரு குரல் கொடுத்தார்.

ஒரே தூக்கு. இடுப்பாவது ஒன்றாவது. படகு நேரே தோளுக்குப் போய்விட்டது. அவர்கள் உடம்புக்குத் தெரிந்த தூக்கு அது ஒன்றுதான் போலிருக்கிறது. சரி, அப்படியே இரண்டு அடி பின்னால் வந்து பெஞ்சில் வையுங்கள் என்றேன். மாசிலாமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“தோளுக்கு வந்திச்சின்னா ஒரு சுத்து போய்கினு வந்துதாம்மா எறக்கணும். பின்னால நடந்து எறக்குனா நமக்கு ஆவாது.”

இது சாமி இல்லை ஐயா, துறைமுகத்துப் படகு என்றேன். அவர் காதில் விழவே இல்லை. அதற்குள் முன்வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. டிரெய்லரில் ஏதோ கறுப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. என்னவென்று பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. கட்டியிருந்த கசங்கல் புடவையோடு, அவிழ்ந்த கொண்டையோடு, உன் படகுக்குப் பின்னால் தெருவில் ஓடினேன்.

தெருவாவது தெரு. இந்த வருஷம் தண்ணீர்ப் பஞ்சம், அண்ணே, நீ பார்க்காத பஞ்சம். கார்ப்பரேஷன் லாரி வந்தால் குடத்தால் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்கிறார்கள். எதிர்வீட்டம்மாள் என்றைக்காவது எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்திருப்பாளா? அவள் படகு வருவதைப் பார்த்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் தெளித்தாள். எந்தச் சாமி என்று யாரும் கேட்கவில்லை. தோளில் தண்டோடு, ஒரே மாதிரி அசைந்து வருகிறது, அது போதும். ஒரு வீட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் பின்னால் ஓடிக்கொண்டே, இது படகு, இது படகு என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். என்னைப் பார்த்தும் ஒரு கிழவர் கும்பிட்டார்.

இதில் படகுக்கு நடுவில் தோள் கொடுத்து வந்த ஒரு ஆள் தலையை உதறிக்கொண்டே வந்தார்.

“யம்மா, தலைல இன்னாமோ கொட்டுது” என்றார்.

நான் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தேன். படகின் அடிப்பாகத்தில் நடுவாக ஒரு பாய் அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து, பலகை கறுத்துப் போய், பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. கையை நீட்டி அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. உளுத்த பலகை. தேக்குப் பலகை என்று நீ தட்டித் தட்டிக் காட்டுவாயே, அது.

தெருமுனையில் திரும்பும்போது எதிரில் சித்தப்பாவின் கார். மனிதர் வண்டியை நிறுத்தி இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்ததும் பின்னால் நான் நிற்கிறேன். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்தே செத்திருப்பேன். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை. அவருக்கும் முகம் கறுத்துவிட்டது. நடுத்தெருவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு, நாளைக்கு வேன் வரும்போது நான் என்ன பதில் சொல்வேன் என்று சத்தம் போட்டார். அடிப்பாகம் கண்ணில் பட்டதும் அவர் குரல் இன்னும் உயர்ந்துவிட்டது. இந்த ஓட்டைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், இது கொளுத்தத்தான் லாயக்கு என்றார். மாசிலாமணியின் ஆட்கள் நிற்கவே இல்லை. சாமி முன்னால், சண்டை பின்னால் என்று நாங்கள் இருவரும் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வந்து பார்த்தால் டிரெய்லர் பக்கத்தில் மதினி நின்றுகொண்டிருந்தாள். டிரெய்லரில் ஒட்டிக் கிடந்த கறுப்புச் சாமானை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் ஊறி, வெயிலில் காய்ந்து, பூஞ்சை பிடித்து, பஞ்சு கட்டி கட்டியாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் நீலக் கோடு தெரிந்தது. அண்ணே, அது உன் மெத்தை.

நீ தூக்கத்திலேயே போன அந்த ஐப்பசி மாதம் இங்கே நடந்தது உனக்கு எங்கே தெரியப்போகிறது. வெளியே கொட்டு மழை. பெரியவர்கள் எல்லாம் கூடி, அவன் உயிர் போன மெத்தை வீட்டில் இருக்கக் கூடாது, முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடு என்றார்கள். அப்படித்தானே வழக்கம். குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்று மதினி சொன்னாள். எல்லாரும் நம்பினோம். அவள் அதை மடித்துக் கொண்டுபோய் உன் படகுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் திணித்துத் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டிருக்கிறாள். அந்த மழை முழுவதையும் மெத்தை குடித்துவிட்டுப் படகின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. பலகை உளுக்காமல் என்ன செய்யும்?

எனக்கு வந்ததே ஆத்திரம். உனக்கு மூளை இருக்கிறதா மதினி, மூன்று பலகை போயிற்றே, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். சித்தப்பா தன் பங்குக்கு, செத்தவன் படுக்கையை ஒரு வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறாளே, குடும்பம் விளங்குமா என்று தலையில் அடித்துக்கொண்டார். மதினி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பஞ்சைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

“தூரப் போடச் சொன்னாவ. முச்சந்தியில போட்டா நாய் படுக்கும். எனக்கு மனசு வரல. அவ்வொ படகுல என்னத்தான் ஏத்தல, இது அதுக்குக் கீழயாவது கெடக்கட்டும்னு வச்சேன்.”



இதற்குள் தண்டின் கீழே நின்றவர்கள் முகமெல்லாம் வியர்வை. எங்கேதான் இறக்குவது, தோள் போகிறது என்று மாசிலாமணி கேட்டார். டிரெய்லரிலேயே திரும்ப வை, நாளைக்கு வேன் வந்து கொண்டுபோகட்டும் என்றார் சித்தப்பா. பெஞ்சில் வை என்றேன் நான். வண்டியில் வை, பெஞ்சில் வை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்.

அப்போதுதான் மதினி பஞ்சைக் கீழே போட்டுவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை.

“எரிக்கதுன்னா எரிச்சுக்கிடுங்க மாமா. ஆனா நான் ஒரு தடவ அதுல போயிட்டு வந்துதான் குடுப்பேன்.”

சித்தப்பா அசந்துவிட்டார். கோபம்கூடக் குறைந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல், ஏட்டி, நீச்சல் தெரியாத பொம்பள நீ, படகுல ஏறி என்னத்தப் பண்ணப் போற என்றார்.

“எனக்கு நீச்சல் தெரியாதுன்னு யாரு சொன்னா?”

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். நீதான் சொன்னாய். மதினியையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று ஆரம்பத்தில் நான் கேட்டபோதெல்லாம், அவளுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைக் கண்டால் பயப்படுவாள் என்று சொன்னவன் நீ. நீ சொன்னதை நானும் நம்பினேன், அம்மா இருந்தவரைக்கும் அம்மாவும் நம்பினாள், தெருவே நம்பியது.

“எங்க ஊர்ல வெள்ளம் வாரப்ப தாமிரவருணியக் குறுக்க நீந்துனவ நான்” என்றாள் மதினி. “அவ்வொ ஒருநாளும் கேக்கல. நானா எப்படிச் சொல்லுவேன்?”

மாசிலாமணி இரண்டு பக்கமும் பார்த்தார். யாருடைய படகு என்று கேட்டார். சித்தப்பா வாயைத் திறந்தார். நான் அவரை முந்திக்கொண்டு மதினியைக் கையால் காட்டினேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெஞ்சின் மேல் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டே போனார்கள். காப்பிகூடக் குடிக்கவில்லை. சாமி தூக்கின நாளில் வெளியே சாப்பிட மாட்டார்களாம். என்ன சொல்லியும் அவர்களுக்கு அது சாமிதான்.

அன்று சாயங்காலமே சுரண்ட ஆரம்பித்துவிட்டோம். மறுநாள் வேன் வந்தது. பாதி சுரண்டிய பலகையையும் நடுவில் இருந்த ஓட்டையையும் பார்த்துவிட்டு, வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார். பிறகு ஒட்டுப்பலகையில் ஒரு படகு செய்து அதைக் கொளுத்திக்கொண்டார்களாம். முதலிலேயே அதைச் செய்திருக்கலாமே, எதற்கு எங்கள் உயிரை எடுத்தார்கள்? சித்தப்பா கொஞ்ச நாள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் வராததில் எனக்கு வருத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். ராயப்பேட்டையிலிருந்து ஒரு ஆசாரி பாய் வந்து உளுத்த பலகைகளைக் கழற்றிப் புதுசு போட்டார். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. ஆணி அடிக்கிற நேரத்தைவிடக் கதை சொல்கிற நேரம் அதிகம். மீதி எல்லாம் மதினிதான். காலையில் சமையலை முடித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுரண்டியும் உப்புத்தாளுமாக உட்கார்ந்துவிடுவாள். நான் டியூட்டி முடிந்து வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் பெயின்ட் தூள். இத்தனை மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷி, சோறு போடு சரோ என்று என்னிடம் தட்டை நீட்டினாள். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசியதும் அவள்தான். பாய் காட்டிக் கொடுத்தார், அவள் செய்தாள், பாய் தப்பு என்றார், அவள் இல்லை என்றாள். வீட்டில் திரும்பவும் சண்டைச் சத்தம் கேட்டது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

தெரு சும்மா இருக்குமா? குடிக்கத் தண்ணீர் இல்லாத காலத்தில் படகுக்குக் குளியலா என்று எதிர்வீட்டம்மாள் ஆரம்பித்தாள். அன்றைக்கு அதே படகுக்கு ஒரு வாளித் தண்ணீரை வாசலில் தெளித்தவள். உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம், வேண்டுமானால் வந்து குடித்துப் பார் என்றேன். அது அடங்கியதும் வர்ணத்துக்கு வந்தார்கள். தண்ணீருக்குள் இருக்கிற அடிப்பாகத்துக்குச் சிவப்புதான் பூச வேண்டும், அதுதான் பூச்சி அரிக்காது என்று பாய் சொன்னார். மதினி சிவப்பு பூசினாள். தலைத் திவசம்கூட ஆகாத வீட்டில், புருஷனைப் பறிகொடுத்தவள் கையில் சிவப்பா என்று பேசினார்கள், அண்ணே. படகின் வயிற்றுக்குப் பூசுகிற பெயின்டுக்கும் ஒரு பெண்ணின் நெற்றிக்கும் என்ன சம்பந்தம்? யார் நெற்றியில் எது இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர இவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா? நான் வாசலில் நின்று கேட்டேன். மதினி எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் இரண்டாவது கோட்டும் அடித்தாள்.

திவசம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, படகை டிரெய்லரில் ஏற்றி ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மதினி முன்னால் பிடித்துக்கொண்டாள். ஆறு நீ விட்டுப்போன மாதிரி இல்லை. சாக்கடை நாற்றம் பாலம் வரைக்கும் அடிக்கிறது, கரையெல்லாம் கறுப்புச் சேறு. அவள் முழங்கால் அளவு சேற்றில் இறங்கிப் படகைத் தண்ணீரில் தள்ளினாள். ஏறி, உன் இடத்தில் உட்கார்ந்தாள். துடுப்பை எடுத்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், தப்பாகப் போயிற்று. இன்னொரு தடவை இழுத்தாள். வந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

நான் வழக்கம்போல் புடவையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பலகையில் ஏறப் போனேன்.

“நீ இரு சரோ” என்றாள் மதினி. “நான் மட்டும் போயிட்டு வாரேன்.”

போய்விட்டாள், அண்ணே. திரும்பிப் பார்க்கவில்லை. முகத்துவாரத்துப் பக்கம் படகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. நான் சேற்றில் நின்றேன். அந்தப் படகு போவதைக் கரையில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிஷம் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது, இத்தனை பாடுபட்ட என்னை விட்டுவிட்டுப் போகிறாளே என்று. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு தடவை நின்றதற்கே எனக்கு இப்படி எரிகிறதே. அவளை எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு அந்தப்புறம் நிற்க வைத்தாய் நீ?

சொல், ஏன் அவளிடம் கேட்கவில்லை? நீச்சல் தெரியுமா என்று இரண்டு வார்த்தை. வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? எனக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க உனக்கு நேரம் இருந்தது. புதுப்பேட்டையில் அச்சுக்கு அலைய நேரம் இருந்தது. கட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து, நீயும் வருகிறாயா என்று கேட்க மட்டும் நேரமில்லையா? அவள் பயப்படுவாள் என்றாயே, எதைப் பார்த்து அப்படித் தீர்மானித்தாய்? அவள் வந்து உட்கார்ந்தால் அந்த ஒரு காலைப்பொழுதும் உன்னுடையதாக இருக்காது என்று பயந்தது நீதானோ? நீ நல்லவன். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாய். உன்னைப்போல் ஒருவன் கிடையாது என்று காரியத்தன்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் இதற்கு மட்டும் உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. மதினி மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிவந்து, கையில் கொப்புளம் கண்டு, இறங்கும்போது கால் தடுமாறியது. சித்தப்பாவிடம் கொடுத்துவிடலாமா என்று வேண்டுமென்றே கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும், வெயில் தாங்கவில்லை என்றாள்.

ஆகையால் உனக்கு இங்கே ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணே. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றங்கரை வரைக்கும் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு போவேன், சேற்றில் நிற்பேன், அவள் வரும் வரைக்கும் காத்திருப்பேன். மதினி தானாகக் கூப்பிடாமல் அந்தப் படகில் கால் வைக்க மாட்டேன். இந்த வாரமும் அவள் கூப்பிடவில்லை.

உன் மேல் கோபம் ஆறாத,
உன் ஒரே தங்கை,
சரோஜா